விரல் தொப்பிக்குள் பதினொரு வயது

முத்தலாங்குளத்தில் சொர்ணக்கிளி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய வலது கை நடுவிரல் நுனியில் ஒரு பித்தளைத் தொப்பி இருந்தது. ஊசி குத்தாமல் இருக்கத் தையல்காரர்கள் போட்டுக்கொள்வார்களே, அம்மைத் தழும்பு மாதிரி மேலெல்லாம் குழி குழியாக, அந்த விரல் தொப்பிதான். பஜாரில் கடை வைத்திருந்த காசிம் பாய் மட்டும் அதை அங்குஸ்தான் என்பார், மற்ற எல்லாருக்கும் அது தொப்பி. மற்றவர்களுடைய தொப்பி வேலை முடிந்ததும் நூல் டப்பாவுக்குள் போய்விடும். சொர்ணக்கிளியின் தொப்பி அவளுடைய பதினோராவது வயதில் ஏறியது, முப்பத்தெட்டு வருஷமாக இறங்கவில்லை, இறங்காததைப் பற்றி ஊரில் யாரும் கேட்டதுமில்லை.

ஏறிய கதை சின்னதுதான். அவளுடைய அம்மா, மகாராசன் என்பவருடைய தையல் கடைக்குக் கை வேலை பார்த்தவள், அதாவது கடையில் வெட்டி மிஷினில் ஓட்டிய ஜாக்கெட்டுகளை வீட்டுக்கு வாங்கி வந்து ஓரம் மடித்துத் தைத்து, கொக்கி வைத்து, திருப்பிக் கொடுப்பவள். ஒரு தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அம்மா காய்ச்சலில் விழுந்தாள், அறுபது ஜாக்கெட்டு மூலையில் குவிந்து கிடந்தது, முந்தின நாள்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மருதாணி வைத்திருந்த சொர்ணக்கிளி, அந்தச் சிவப்பு விரலை அம்மாவின் தொப்பிக்குள் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மாவின் கை சின்னக் கை, அவளுடையது வளருகிற கை. ஒன்பது நாளும் கழற்றாமல் தைத்தாள், விரல் வீங்கியது, தீபாவளியன்று இழுத்துப் பார்த்தால் தொப்பி வரவில்லை. எண்ணெய் போட்டார்கள், சோப்புப் போட்டார்கள், நூலைச் சுற்றி இழுத்தார்கள், அதற்குள் கார்த்திகை வந்து அம்மா செத்துப்போனாள், அப்பா வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு அவள் ஊருக்கே போய்விட்டார், அதற்குப் பிறகு ஒரு விரலைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

அன்றிலிருந்து ஊரில் இருந்த அத்தனை பெண்களின் ஜாக்கெட்டும் அவள் மடியில் வந்து விழுந்தது. யார் பருத்திருக்கிறாள், யார் இளைத்திருக்கிறாள், யாருக்குப் பால் கட்டியிருக்கிறது, யார் வீட்டில் கல்யாணம் கூடி வருகிறது, யார் இந்த வருஷம் துணி எடுக்க முடியாமல் போன வருஷத்து ஜாக்கெட்டையே பிரித்துவிடச் சொல்லியிருக்கிறாள் என்று அவளுக்குத்தான் முதலில் தெரியும். அந்தக் கல்யாணங்களுக்கு அவளைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை, அது அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல, கொக்கி வைக்க ஒரு ஆள் இருக்கிறது என்பதே ஜாக்கெட் போடுகிறவளுக்கு ஞாபகம் வராது என்பதால்.

வரிசை வீட்டில் கடைசி வீடு அவளுடையது. ஒரு பக்கம் செண்பகவடிவு வீடு, இன்னொரு பக்கம் உரக்கிடங்கு. தொப்பி ஊசியைத் தள்ளுவதற்கு மட்டும் என்று யார் சொன்னது? அவள் அந்தத் தொப்பியால் புளியங்கொட்டை உடைத்தாள், இஞ்சித் தோல் சீவினாள், கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் தள்ளினாள், தேங்காயைத் தட்டி முற்றலா இளசா என்று சத்தத்தில் கண்டுபிடித்தாள், வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் உரக்கிடங்குச் சுவரை டொக் டொக் என்று இரண்டு தரம் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். உரமூட்டைகள் என்ன பதில் சொல்லும்? ஆனாலும் தட்டினாள். வீட்டுக்குள் இரண்டாவது ஆள் இருக்கிற மாதிரி ஒரு சத்தம் வேண்டியிருந்தது, அதற்கும் தொப்பிதான் உதவியது.

பெண் பார்க்க இரண்டு தரம் வந்தார்கள். முதலில் வந்தவர்கள் காபித் தம்ளரைப் பிடித்திருந்த விரலைப் பார்த்துவிட்டு உள்ளே ஏதாவது வியாதியா என்று கேட்டுப் போனார்கள். இரண்டாவது வந்தவர்கள் நல்லவர்கள், ஆசாரியிடம் கூட்டிப்போய் அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள். சொர்ணக்கிளிதான் வேண்டாம் என்றுவிட்டாள். உள்ளே விரல் இருக்குமோ இருக்காதோ என்று அவளுக்கு ஒரு பயம், அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

நாற்பத்தொன்பதாவது வயதில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்து இருபது நாள் படுத்தாள். எழுந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். ஒருநாள் காலையில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது சட்டிக்குள் டங் என்று சத்தம் கேட்டது, அரிசிக்கு நடுவே தொப்பி கிடந்தது. விரலைத் தூக்கிப் பார்த்தாள். கை அவளுடைய கை, நரம்பு புடைத்து, தோல் சுருங்கி, பச்சைமிளகாயும் சோப்புத்தூளும் தின்ற கை, ஆனால் நடுவிரலின் முதல் கணுவுக்கு மேலே மட்டும் ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் விரல் இருந்தது, பிஞ்சாக, உருண்டையாக, சின்னஞ்சிறு நகத்தோடு, நேற்று வைத்துக் கழுவியது மாதிரிச் சிவந்த மருதாணியோடு. மோந்து பார்த்தாள். மருதாணி வாசம் கூடப் போகவில்லை.

அவள் பயப்படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். உப்பு நறநறவென்று இருந்தது, சுவர் குளிர்ந்தது, பூனை வால் வழுக்கிக்கொண்டு போனது, இத்தனை வருஷமும் இதெல்லாம் அந்த விரலுக்குத் தெரியாது. கடைசியில் தன் கன்னத்தைத் தொட்டாள். ஒரு சின்னப் பிள்ளை வந்து தொடுகிற மாதிரியே இருந்தது. அவள் கன்னத்தை யாராவது தொட்டு எத்தனை வருஷம் இருக்கும் என்று யோசித்தாள், கணக்குக் கிடைக்கவில்லை, அழுகைதான் வந்தது, அழுது முடித்து அரிசியைக் களைந்து உலை வைத்தாள்.

முதலில் பார்த்தவள் செண்பகவடிவு. கத்தரிக்கோல் இரவல் கேட்க வந்தவள், கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெயில் படாமல் இருந்திருக்கிறது, அதனால்தான், வாட்ச் கட்டின இடம் வெளுப்பாக இருக்காதா என்றாள். ஊருக்கும் அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் அதற்காக வேலையை விட்டு வரவில்லை, கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார்கள். தையல் கடை மகாராசனுக்குத்தான் கவலை, பிஞ்சு விரலாக இருக்கிறதே, ஊசி குத்தி ரத்தம் பட்டு ஜாக்கெட் கெட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்று புதுத் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து மோதிர விரலில் மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். பழைய பித்தளைத் தொப்பியை அவள் புளி போட்டுத் தேய்த்து அலமாரியில் வைத்தாள்.

அது அப்படியே போயிருக்கும், பலசரக்குக் கடைப் பேச்சிக்கண்ணுவின் மருமகளுக்குப் பிள்ளை பிறக்காமல் இருந்திருந்தால். முத்தலாங்குளத்தில் பிள்ளை பிறந்ததும் நல்ல குணமுள்ள ஒருவர் சீனித்தண்ணீரை விரலால் தொட்டு அதன் நாக்கில் வைக்க வேண்டும். அதற்குச் சேனை வைப்பது என்று பெயர். வைத்தவர் குணம் அப்படியே பிள்ளைக்கு வரும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஞானசெல்வம் இதையெல்லாம் செய்யக்கூடாது என்று சத்தம் போடுவாள், அவள் அந்தப் பக்கம் திரும்பும்போது செய்துவிடுவார்கள். சங்கடம் என்னவென்றால் ஊர் சின்ன ஊர், எல்லார் குணமும் எல்லாருக்கும் தெரியும். பெரிய அத்தை வைக்கலாம் என்றால் அவள் வாயைத் திறந்தால் தெருவே காதைப் பொத்தும். தாய்மாமன் வைக்கலாம் என்றால் சீட்டாட்டம். பெரியப்பா எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். இரண்டு பக்கத்து ஆட்களும் வராந்தாவில் நின்று அரைநாள் சண்டை போட்டார்கள், பிள்ளை உள்ளே கத்திக்கொண்டே இருந்தது, அப்போதுதான் கூட்டத்தில் யாரோ சொர்ணக்கிளி விரலை ஞாபகப்படுத்தினார்கள்.

எல்லாரும் சண்டையை விட்டுவிட்டுத் தலையாட்டினார்கள். நியாயம்தானே? பதினொரு வயதில் உள்ளே போன விரல். அதற்குப் பிறகு அது யாரையும் அடித்ததில்லை, அடுத்தவர் பொருளைத் தொட்டதில்லை, கோள் மூட்டும் பேச்சுக்குக் கூட அசைந்ததில்லை, முப்பத்தெட்டு வருஷமும் வேலைக்குத் துணையாக இருட்டில் இருந்திருக்கிறது. இப்படி ஒரு விரல் சுற்றுப்பட்டில் எந்த ஊருக்குக் கிடைக்கும்? ஆட்டோ அனுப்பினார்கள். சொர்ணக்கிளி இருந்த சேலையோடு வந்தாள், கிண்ணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று தொப்பியையும் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள், அதில் சீனித்தண்ணீரை ஊற்றி, விரலை நனைத்து, பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பிள்ளை அந்த விரலைச் சப்பிக்கொண்டு விடவே இல்லை. அழுகையும் அத்தோடு நின்றது.

பிறகு ஊரில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அவளுக்குத்தான் ஆட்டோ வந்தது. ஒன்றரை வருஷத்தில் இருபத்தொரு பிள்ளைகள். அந்த மகிமை விரலில் இருக்கிறதா தொப்பியில் இருக்கிறதா என்று ஊரில் இரண்டு கட்சி ஆனது, தொப்பிக் கட்சிக்காரர்கள் இருமல் மருந்தைத் தொப்பியால் அளந்து வாங்கிப் போனார்கள், கண் வலிக்கு இமை மேல் வைத்து ஒற்றினார்கள், பரீட்சைக்குப் போகிற பெண் அதைப் பேனா மூடி மேல் கவிழ்த்துக் கொண்டுபோனாள், ஒரு அதிரசத்தைத் தொப்பியால் வெட்டி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தவர்களும் உண்டு. விரல் கட்சிக்காரர்கள் நேராக விரலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

சொர்ணக்கிளிக்கு இதெல்லாம் கனவு போல இருந்தது. இத்தனை வருஷமாகக் கொக்கிகளாக மட்டும் தெரிந்த வீடுகளுக்குள் அவள் வாசல் வழியாகப் போனாள், நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். முப்பத்தெட்டு இஞ்சு, முன்கழுத்து இறக்கம் என்று தெரிந்திருந்தவள் சிரித்துக்கொண்டு எதிரே வந்தாள், அந்த முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்த மாதிரியே இல்லை. எல்லாரையும் அவளுக்குப் பிடித்தது. ஆனால் வாசலில் ஆட்டோ நின்றதும் உள்ளிருந்து கேட்கிற கேள்வி ஒன்றுதான், விரல் வந்தாச்சா? விரலுக்குக் கை கழுவத் தண்ணீர், விரலுக்குத் துடைக்கத் துண்டு, விரலை நன்றாகப் பார்த்துக்கொள் என்று புத்தி. வேலை முடிந்ததும் ஆட்டோ அவளை வரிசை வீட்டில் இறக்கிவிட்டுப் போகும். அவள் சுவரை இரண்டு தரம் தட்டுவாள், இப்போது தொப்பி இல்லாமல், பிஞ்சு விரலால். சத்தம் முன்னை விடக் குறைவாகத்தான் வந்தது.

பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாக இருந்தன. அழுவதில்லை. பசித்தால் கையைச் சப்பும், ஈரமானால் கிடக்கும், தொட்டிலில் போட்டால் போட்டபடி இருக்கும். இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்று தாய்மார்கள் பெருமைப்பட்டார்கள். பேச்சிக்கண்ணு பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது ஆசாரி கம்பியை முறுக்க முறுக்க அது கோயில் தூணையே பார்த்துக்கொண்டிருந்தது, கூட்டமே கைதட்டியது.

ஒரு புதன்கிழமை தடுப்பூசிக்கு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து வந்தன. ஞானசெல்வம் இருபது வருஷமாகப் புதன்கிழமைகளில் காது வலிக்க வீட்டுக்குப் போகிறவள். அன்றைக்கு ஒரு பிள்ளை கூடச் சத்தம் போடவில்லை. நாலாவது ஊசிக்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, பத்தாவது ஊசிக்கு மருந்து பாட்டிலை எடுத்து இரண்டு தரம் படித்துப் பார்த்தாள். ஊசி குத்திய பிள்ளை அம்மாவைப் பார்க்கவில்லை, கையை நீட்டவில்லை, பாயில் விட்டதும் தவழ்ந்து போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த பிள்ளை அதற்கு இரண்டு முழம் தள்ளி. அதற்கடுத்தது இன்னும் இரண்டு முழம் தள்ளி. ஊசி முடிந்தபோது நாலு சுவரையும் பார்த்து இருபத்தொரு முதுகுகள் இருந்தன, தவழத் தெரியாததைக் கூட அதன் அம்மா சுவரோரமாகத்தான் போட்டிருந்தாள், அப்படிப் போட்டால்தான் அது நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஒரு பிள்ளை சுவரை இரண்டு தரம் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டது. தாய்மார்கள் ஓடிப்போய் அவரவர் பிள்ளையைத் தூக்கினார்கள்.

காது நன்றாகக் கேட்கிறது, கண் நன்றாகத் தெரிகிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். விரல் கட்சி தொப்பியைக் குறை சொன்னது, பித்தளையில் களிம்பு இருந்திருக்கும் என்று. தொப்பியைக் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள், கோயிலில் மூன்று நாள் வைத்து எடுத்தார்கள், பிள்ளைகள் சுவரைத்தான் பார்த்தன. கடைசியில் செண்பகவடிவுதான் சொன்னாள். சேனை வைக்கும்போது விரல் குணமா வரும்? வைத்த ஆள் குணம்தானே வரும்? விரலைப் பார்த்தோமே தவிர, அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருந்ததை நாம் பார்த்தோமா?

மறுநாள் காலையில் பேச்சிக்கண்ணுவும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் வரிசை வீட்டுக்கு வந்தார்கள். சொர்ணக்கிளிக்கு விஷயம் ஊருக்கு முன்னமே புரிந்திருந்தது, இரண்டு நாளாக அவள் சாப்பிடவில்லை. தன்னிடம் இருந்ததெல்லாம் தன் தனிமை ஒன்றுதான், அதைக் கொண்டுபோய்ப் பச்சைப்பிள்ளைகளின் நாக்கில் தடவிவிட்டு வந்திருக்கிறோமே என்று கூனிக் குறுகிப் போயிருந்தாள். திட்டப் போகிறார்கள், ஊரை விட்டுப் போகச் சொல்வார்கள் என்று துணிமணியைக் கூட மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

பேச்சிக்கண்ணு தரையிலேயே உட்கார்ந்தாள். "ஒன்மேல குத்தம் சொல்ல வரல, சொர்ணக்கிளி. ஒனக்கு என்ன கொறைன்னு சொல்லு. நாங்க தீத்து வச்சிருதோம்."

நாற்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. துணி மூட்டையை மெல்லக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

"எனக்கு ஒரு கொறையும் இல்லையே மதினி."

"எங்க பிள்ளையும் இப்படித்தான் இருக்கு," என்றாள் பேச்சிக்கண்ணு. "ஒன்னும் வேணும்னு கேக்க மாட்டேங்கு." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஊர் கூடி யோசித்தது. குணம் அவளிடமிருந்து வந்தது என்றால் அவள் குணம் மாறினால் பிள்ளைகள் குணமும் மாறும். அவளுக்கு ஆள் இல்லாததுதான் நோய் என்றால் ஆள்தான் மருந்து. கொடைவிழாவில் சாமிக்கு மண்டகப்படி நடத்துவார்களே, ஒரு நாள் ஒரு வீட்டார் செலவு, அன்றைய பொறுப்பு முழுக்க அவர்களுடையது என்று, அதே மாதிரி சொர்ணக்கிளிக்கும் மண்டகப்படி எழுதினார்கள். காலை, மத்தியானம், சாயங்காலம், ஏழு நாளைக்கு இருபத்தொரு வீடு. கோயில் கணக்கர் காலண்டர் அட்டையின் பின்பக்கம் வரிசையாக எழுதிக் கொண்டுவந்து அவள் வீட்டு ஆணியில் மாட்டினார். வந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், வெறுங்கையோடு வரக்கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

முதல் வாரம் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வருவார்கள், தூக்குச்சட்டியை வைப்பார்கள், இப்போது எப்படி இருக்கிறது என்பார்கள், நன்றாக இருக்கிறது என்பாள், அப்புறம் மின்விசிறி மட்டும் சுற்றும். அவளுக்குக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது, கொக்கியைத் தைத்துக்கொண்டிருப்பாள், வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வீட்டுக்குப் போனதும் பிள்ளையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பிள்ளை சுவரைப் பார்க்கும்.

இரண்டாவது வாரம் ஒருத்தி குவியலைப் பார்த்து, இது என் ஜாக்கெட் அல்லவா என்றாள். ஆமாம், இரண்டு பக்கமும் அரை இஞ்சு பிரித்துவிட்டிருக்கிறேன், வலது தோள் உங்களுக்குக் கொஞ்சம் இறக்கம், குடம் தூக்குகிற தோள், அதனால் அங்கே ஒரு தையல் கூடப் போட்டிருக்கிறேன் என்றாள் சொர்ணக்கிளி. அந்தப் பெண் அவளை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டியவனுக்கே தெரியாது எந்தத் தோள் இறக்கம் என்று. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் தங்களைப் பற்றிக் கேட்டார்கள், அவள் சொன்னாள், ஒருத்தி தன் மாமியார் திருட்டுத்தனமாக மருமகள் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்ததையும், நடுக்கொக்கி தெறித்துப்போய்ச் சாம்பாருக்குள் விழுந்ததையும், அதை மாமனார் கடித்துப் பல் போனதையும் சொன்னபோது சொர்ணக்கிளி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதே நேரத்தில் ஊரில் ஏழு வீட்டில் ஏழு பிள்ளைகள் தூக்கச் சொல்லிக் கத்தின.

அப்புறம் கேட்க வேண்டுமா? குற்றாலத்துக்கு வேன் பிடித்து அவளை அருவியில் நிறுத்தினார்கள். வளைகாப்புக்கு முதல் வளையலை அவளைப் போடச் சொன்னார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன, கடித்தன, பிறாண்டின, அடுத்த பிள்ளையின் கிலுகிலுப்பையைப் பிடுங்கின, ஞானசெல்வத்துக்குப் புதன்கிழமைகளில் மறுபடியும் காது வலித்தது. சொர்ணக்கிளியின் விரலும் வளர்ந்தது. வந்தவர்கள் பிடித்த பிடியில், பிள்ளைகள் கடித்த கடியில், அது ஒரு மாதத்துக்குப் பன்னிரண்டு வயது, அடுத்த மாதத்துக்குப் பதினைந்து என்று ஏறியது, மருதாணி நகத்தோடு வளர்ந்து வெட்டுப்பட்டுப் போனது, ஆறு மாதத்தில் மற்ற விரல்களோடு வயதில் ஒன்றாகிவிட்டது. இனி அதைச் சேனைக்குக் கேட்கவும் வழியில்லை. பிறந்த பிள்ளைகளுக்குப் பழையபடி வராந்தாவில் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

பிள்ளை தெளிந்த வீட்டார் மண்டகப்படியைச் சட்டென்று நிறுத்திவிடவில்லை. முதலில் ஒரு மணி நேரம் அரை மணி ஆனது, பிறகு தூக்குச்சட்டி மட்டும் வந்தது, பிறகு வழியில் பார்த்தால் வருகிறேன் என்றார்கள். அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது, இப்போது கத்துகிற பிள்ளையும் இருக்கிறது. சொர்ணக்கிளிக்கு அது புரிந்தது, புரிந்ததால் வலிக்காமல் இருக்குமா? முன்பு ஆள் வராத வீட்டில் ஆள் வராமல் இருந்தது. இப்போது வந்து போன வீட்டில் வராமல் இருக்கிறது. காலண்டர் அட்டையில் பேர்கள் அப்படியே இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் உரக்கிடங்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியும், இப்படியே நாலு நாள் உட்கார்ந்து மனதை விட்டுவிட்டால் போதும். ஊரில் அத்தனை பிள்ளையும் சுவரைப் பார்க்கத் திரும்பும், ஐந்தாம் நாள் காலையில் பேச்சிக்கண்ணு தூக்குச்சட்டியோடு ஓடி வருவாள், குற்றாலம் வரும், சிரிப்பு வரும். ஆசையாகத்தான் இருந்தது. சுவரைத் தட்டக் கையைத் தூக்கினாள். சுவரில் காதை வைத்த அந்தப் பிள்ளையைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தார்கள், அதன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கையை இறக்கி, எழுந்து, சேலை மாற்றிக்கொண்டு சந்தைக்குப் போனாள், வாங்க ஒன்றும் இல்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றினாள், கீரைக்காரியிடம் வம்படியாகப் பேச்சுக் கொடுத்தாள், வீட்டுக்கு வந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். தனியாக இருந்துகொண்டு தனிமைக்கு இடம் கொடுக்காமல் இருப்பது அறுபது ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பதை விடப் பெரிய வேலை. அதை அவள் தினமும் செய்தாள். பிள்ளைகள் தெளிவாகவே இருந்தன, யாருக்கும் அவள் ஞாபகம் வரவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் நிற்கவில்லை. அது பவுன்செல்வியின் மண்டகப்படி. இருபத்துநாலு வயசுப் பெண், புருஷன் பம்பாயில் முறுக்குக் கடையில் நிற்கிறான், வருஷத்துக்கு ஒரு தரம் கொடைக்கு வருவான், இவள் தெற்குத் தெருவில் ஒரு மாடி அறையில் பிள்ளையோடு இருந்தாள், பிள்ளை பேர் தாரணி. மற்ற இருபதும் தெளிந்துவிட்டது, தாரணி மட்டும் இன்னும் தெளியவில்லை என்று ஊரில் பேச்சு. பவுன்செல்விதான் அப்படிச் சொன்னாள். வீட்டில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறது, தூக்கு என்று ஒரு தரம் கேட்டதில்லை என்று வாராவாரம் சொல்லுவாள், சொல்லிக்கொண்டே தேங்காய்ச் சாதத்தைப் பிரிப்பாள், அந்த வாரம் நடந்தது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டுவாள், மண்டகப்படி ஒரு மணி நேரம் என்றால் அவள் இருட்டும் வரை இருப்பாள். தாரணி பெரும்பாலும் அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டேதான் வரும், தூங்கிக்கொண்டேதான் போகும்.

அந்த வெள்ளிக்கிழமை அது தூங்கவில்லை. பவுன்செல்வி இன்னும் ஒரு மாற்றமும் இல்லை என்று ஆரம்பிப்பதற்குள் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, அலமாரிக் கீழ்த்தட்டில் இருந்த பித்தளைத் தொப்பியை எடுத்துக் கட்டைவிரலில் கவிழ்த்து, தட்டில் டங் டங் என்று அடித்துப் பார்த்து, தானே சிரித்து, அதை வாயில் போடப் போனது. தொண்டையில் சிக்கிவிடும் என்று சொர்ணக்கிளி பறித்தாள். தாரணி அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு வீடு அதிர ஒரு கத்துக் கத்தியது. தரையில் விழுந்து புரண்டது, காலை உதைத்தது, அம்மா அம்மா என்று இரண்டு கையையும் நீட்டியது, பவுன்செல்வி தூக்கியதும் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பி சொர்ணக்கிளியைப் பார்த்து இன்னொரு தரம் கத்தியது. செண்பகவடிவு வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

இது இன்றைக்கு நேற்றுத் தெளிந்த பிள்ளை இல்லை. மாதக்கணக்காக நன்றாக அழுது, நன்றாகத் தூக்கச் சொல்லிப் பழகின பிள்ளை. சொர்ணக்கிளிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டது என்று பவுன்செல்விக்கும் தெரிந்துவிட்டது. அவள் முகம் சிவந்தது. பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே தரையைப் பார்த்தாள், பிள்ளை விக்கிக்கொண்டே இருந்தது.

"இன்னும் சரியாகலக்கா," என்றாள்.

சொர்ணக்கிளி தொப்பியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு எழுந்து, பவுன்செல்வி கொண்டுவந்த சாதத்தை இரண்டு தட்டில் வைத்தாள், பிள்ளைக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் பிசைந்தாள்.

"ஆமா," என்றாள். "லேசுல சரியாவுற சீக்கா இது? வெள்ளிக்கிழமை மட்டும் வந்தா காணாது. செவ்வாக்கிழமையும் கூட்டிட்டு வா."